சுவரில் இருபத்தைந்து பாகை

“பிள்ளை, ஃபர்னஸ் திரும்பவும் நிண்டிட்டுது.”

தொலைபேசியில் தவமணி அன்ரியின் குரலைக் கேட்டதும் நிலாணி கடித்த பாண் துண்டைக் கோப்பையில் வைத்துவிட்டாள். காலை ஏழு மணி. வெளியே கழித்தல் பத்தொன்பது பாகை. இதோடு மூன்றாவது முறை.

“சுவரிலை தெர்மோஸ்டாட் எத்தினை காட்டுது அன்ரி?”

“இருபத்தைஞ்சு.”

“அப்ப வீடு சூடாய்த்தானே இருக்க வேணும்?”

“அதைத்தான் நானும் அதிட்டைக் கேட்டனான். ரெண்டு சுவெற்றரும் செத்த மனிசன்ரை கோட்டும் போட்டுக்கொண்டு நிக்கிறன். கதைக்க வாயாலை புகை வருது.”

செத்த மனிசன் என்பது ஸ்ரீஸ்கந்தராசா, அன்ரியின் கணவர். மாரடைப்பு வந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்து, இன்றைக்கு இருபத்தேழாம் நாள். கனடாவில், வோபர்ன் என்ற இடத்தில் முப்பது வருடமாக அவர்கள் குடியிருக்கும் வீட்டில், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறு வாரம், வீட்டைச் சூடாக்கும் பழைய மின்சார ஃபர்னஸைக் கழற்றிப் புதியதைப் பூட்டியவள் நிலாணி.

அவள் ஃபர்னஸ் பூட்டும் பத்மநாதன் அண்ணையிடம் வேலை பழகுகிறாள். பகலில் வேலை, வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு. பெரிய மின்கம்பிகளை அண்ணை இணைப்பார். மீதியை இந்த வீட்டில்தான் முதன்முறையாக அவள் தனியே செய்தாள். சூடேற்றும் மூன்று சுருள்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவக்கின்றனவா என்று பார்த்தாள். விசிறியின் வேகத்தைத் தெரிவுசெய்து வைத்தாள். வீட்டின் உள் நடைபாதைச் சுவரில், சூட்டை அளந்து ஃபர்னஸை ஓடவும் நிற்கவும் வைக்கும் புதுத் தெர்மோஸ்டாட்டைப் பூட்டி, அதற்குள் ‘மின்சாரம்’ என்று குறித்தாள். எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி இரண்டு தடவை சரிபார்த்தாள். வீட்டுக்குப் போய்ப் படுக்கையில் மனதுக்குள் மூன்றாம் தடவையும் சரிபார்த்தாள்.

பழைய ஃபர்னஸைக் கழற்றிய அன்று அதற்குள் ஒரு விசித்திரத்தைக் கண்டாள். மூன்று சுருள்களில் இரண்டின் கம்பிகள் வெட்டப்பட்டு, முனைகள் கறுப்பு நாடாவால் அழகாகச் சுற்றப்பட்டிருந்தன.

“உதை ஆர் அன்ரி வெட்டினது?”

அன்ரி எட்டிப் பார்த்தார்.

“முப்பது வருசமாய், கனடா எண்டா இப்பிடித்தான் குளிரும் எண்டு நினைச்சிருந்தன்,” என்றார்.

ஸ்ரீஸ்கந்தராசா அப்படிப்பட்டவர். பழைய தெர்மோஸ்டாட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டு, சாவியைக் கார்ச் சாவியோடு சேர்த்து வைத்திருந்தார். பதினாறு பாகைக்கு மேல் சூடு உடம்பைப் பழுதாக்கும் என்பது அவருடைய கொள்கை. யார் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாலும் இருமிக்கொண்டு வருவார்.

முதல் தடவை முறைப்பாடு வந்தபோது நிலாணி உடனே போனாள். நடைபாதையில், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே சின்னப் பலகைத் தட்டில் மாலை போட்ட படமும் விளக்கும் இருந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செத்த வீட்டில் படத்தை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

“பொறு பிள்ளை, உன்ரை கை தட்டுப்பட்டிடும்,” என்று அன்ரி படத்தையும் விளக்கையும் இரண்டு கையாலும் ஏந்தி அறைக்குள் கொண்டுபோனார்.

நிலாணி தெர்மோஸ்டாட்டைத் திறந்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி. அவள் மூடி முடிப்பதற்குள் கீழே ஃபர்னஸ் உறுமத் தொடங்கியது. விசிறி வேகமாகச் சுற்றிக் குளிர்காற்றை அடிக்கிறதாக்கும் என்று நினைத்து அதன் வேகத்தைக் குறைத்தாள். அரை மணித்தியாலம் நின்றாள். வீடு இளஞ்சூடாகியது. அன்ரி தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

அவள் பஸ் ஏறி வீடு போய்ச் சேரமுதல் ஃபர்னஸ் நின்றுவிட்டது.

இரண்டாம் தடவை தெர்மோஸ்டாட்டையே மாற்றினாள். அப்போதும் அதே கதை. அவள் நிற்கும்போது வேலை செய்தது, போனதும் படுத்தது. அந்தச் சனிக்கிழமை தேவாரம் படிக்கச் சொந்தக்காரர்கள் வந்து ஐந்து திரி கொளுத்தினார்கள். அன்றைக்கு வீடு என்றைக்கும் இல்லாதபடி விறைத்தது. பாடியவர்களின் பற்கள் தாளம் போட்டன. சுவர் இருபத்தொன்பது காட்டியது.

“நீ நிக்கேக்கை மட்டும் வேலை செய்யுதாம்,” என்றார் பத்மநாதன். “அப்ப என்ன, உன்னையும் ஃபர்னஸோடை சேர்த்துக் குடுக்கிறதோ?”

“எனக்கு விளங்கேல்லை அண்ணை. எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்.”

“எழுதினா வீடு சூடாகாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அங்கை வருவன். சூடாகேல்லையெண்டா உன்ரை பதிவுப் புத்தகத்திலை கையெழுத்து வைக்கமாட்டன். எனக்கும் பேர் இருக்குது.”

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பதினொரு மாதம் வேலை செய்த மணித்தியாலங்கள் ஒன்றும் செல்லாது. பரீட்சைக்கு இருக்க முடியாது. நிலாணி திரும்பவும் முன்பு இருந்த இடத்துக்கே போகவேண்டும். அது இறைச்சி அடைக்கும் குளிர்க் களஞ்சியம். அங்கே இரண்டு வருடம் விறைத்த பிறகுதான் வீடுகளைச் சூடாக்கும் வேலையைப் படிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆகவே மூன்றாம் தடவை அவள் பொறுமையிழந்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதாமலே ஒன்றைச் செய்தாள். தெர்மோஸ்டாட்டின் பின்னால் இரண்டு கம்பிகளை நேரடியாக முறுக்கிவிட்டாள். இனி ஃபர்னஸ் யாருடைய சொல்லையும் கேட்காது. ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓடியது. மறுநாள் வீட்டுக்குள் முப்பத்துநாலு பாகை. படத்து மாலை சருகாகிவிட்டது. படைத்த வாழைப்பழம் கறுத்து வழிந்தது. முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று சொல்ல வந்த ஐயர், முதலில் சால்வையைக் கழற்றினார், பிறகு எள்ளும் தர்ப்பையும் என்று தொடங்கி, தர்ப்பையோடு சோபாவில் சாய்ந்துவிட்டார். அன்ரி தண்ணீர் தெளித்தார்.

அன்ரியின் மகன் மிதுனன் அரைக்காற்சட்டையோடு ஓடிவந்து யன்னல்களைத் திறந்தான்.

“அம்மா, திஸ் இஸ் கிரேஸி! அப்பா உதைப் பார்த்திருந்தா ஹார்ட் அற்றாக் வந்திருக்கும்!”

“அவருக்கு ஹார்ட் அற்றாக் தானேடா வந்தது,” என்றார் அன்ரி.

பத்மநாதன் வந்து முறுக்கிய கம்பியைப் பிரித்தெடுத்து நிலாணியின் உள்ளங்கையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள். வீடு மறுபடி குளிர்க் களஞ்சியம். நிலாணி வேலைக் கருவி ஒன்றும் கொண்டுபோகவில்லை. குறிப்புப் புத்தகமும், வகுப்பில் இரவல் வாங்கிய ஒரு வெப்பமானியும்தான்.

அன்ரி வழக்கம்போல விளக்கை எடுக்கக் குனிந்தார்.

“வேண்டாம் அன்ரி. இண்டைக்கு நான் ஒண்டும் தொடமாட்டன். நீங்களும் ஒண்டையும் எடுக்காதேங்கோ. நான் சும்மா இருந்து பார்க்கப்போறன்.”

“வேலை செய்யேல்லையே?”

“வேலை செய்யத்தான் அன்ரி எல்லாம் பிழைச்சது.”

அன்ரி ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டுவிட்டு, மற்றதைத் தான் போர்த்திக்கொண்டு பக்கத்தில் இருந்தார். நிலாணி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினாள். சுவரில் இருபத்தைந்து. கையில் பன்னிரண்டு. சுவரில் இருபத்தைந்து. கையில் பன்னிரண்டு. அவளுக்கு வெப்பமானியிலும் சந்தேகம் வந்தது. கக்கத்துக்குள் வைத்துப் பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது. பிழையாக இருப்பது தான் மட்டுமே என்று நினைத்தாள்.

“உனக்கு ஒண்டு சொல்லட்டே பிள்ளை?” என்றார் அன்ரி. “முப்பத்தாறு வருசத்திலை அவர் ஒருநாளும் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இஞ்சை’ எண்டுதான். கடைசி நேரம் வினோதன்தான் பக்கத்திலை நிண்டவன். அவன்ரை கையைப் பிடிச்சு என்னவோ சொன்னவராம். நேர்ஸ் கண்டவ.”

வினோதன் இறந்தவரின் தங்கை மகன், வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் குடியிருப்பவன்.

“என்ன சொன்னவராம்?”

“சொல்லுறானில்லை. கேட்டா அழுகிறான். முப்பத்தொண்டு முடியட்டும் மாமி எண்டுறான். என்னைப்பற்றித்தான் ஏதோ சொல்லியிருக்கிறார். இல்லாட்டி ஏன் பிள்ளை அவன் உப்பிடி அழவேணும்?”

நிலாணி நேரத்தை எழுதினாள்.

நான்கு மணிக்குப் பத்மநாதன் வந்தார். சப்பாத்தைக் கழற்றியவர், தரை பட்டதும் திரும்பவும் மாட்டிக்கொண்டார். அவள் நிலத்தில் போர்வையோடு இருப்பதைப் பார்த்தார்.

“நல்லது. ரெண்டு பேரும் சேர்ந்து துக்கம் காக்கிறியளோ?”

“இன்னும் கொஞ்ச நேரம் தாங்கோ அண்ணை.”

“பதிவுப் புத்தகத்தைக் கொண்டு வந்தனான் பிள்ளை. கையெழுத்து வைக்க இல்லை. திருப்பித் தர.”

அந்த நேரம் பேஸ்மென்ற் கதவு திறந்தது. பனிக்குள் வெளியே போகப் போடும் கோட்டும், தொப்பியும், கையுறையும் போட்டபடி வினோதன் எண்ணெய்ப் போத்தலோடு ஏறி வந்தான். ஒரு நாளைக்கு நான்கு தடவை அவன்தான் விளக்குக்கு எண்ணெய் விடுவான். கையுறையைக் கழற்றித் திரியைத் தூண்டினான். விரல் விறைப்பில் கை தளம்பி, எண்ணெய் கூடிப்போய், திரி மூழ்கியது. விளக்கு நூர்ந்து அணைந்துவிட்டது.

“ஐயோ! முப்பது நாளாய் நூராமல் வைச்சிருந்தன்!” வினோதன் பொக்கற்றுகளைத் தடவினான். நெருப்புப் பெட்டி கீழே இருந்தது. இறங்கி ஓடினான்.

நிலாணி எழுதுவதற்காகச் சுவரைப் பார்த்தாள். இருபத்துநாலு.

கண்ணைக் கசக்கினாள். இருபத்துமூன்று.

வினோதன் நெருப்புப் பெட்டியைக் கீழே தேடிக்கொண்டிருந்த மூன்று நிமிடத்தில் சுவர் இருபதுக்கு இறங்கியது. கீழே ஃபர்னஸ் உறுமியது. அவன் ஓடிவந்து திரியைக் கொளுத்தினான். இருபத்தொன்று. இருபத்திரண்டு. ஃபர்னஸ் அடங்கியது.

நிலாணி முதன்முறையாகத் தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்தாள். மாலைக்கு நடுவே ஸ்ரீஸ்கந்தராசா இருந்தார். அவருக்கு முன்னால் சுடர் நின்றது. சுடருக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், இதமாகச் சூடு காய்ந்துகொண்டு தெர்மோஸ்டாட் இருந்தது.

“அண்ணை,” என்றாள். “ஃபர்னஸ் பிழையில்லை. இந்த வீட்டிலை இந்தத் தெர்மோஸ்டாட் ஒண்டுதான் சூடாய் இருக்குது. அதாலை முழு வீடும் சூடு எண்டு நினைக்குது.”

“நீ வரேக்கை மட்டும் எப்பிடி...” என்று தொடங்கிய பத்மநாதன், விளக்கையும் அன்ரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் வரேக்கையெல்லாம் அன்ரி விளக்கை அறைக்குள்ளை கொண்டுபோவா. போனாப்பிறகு திரும்ப வைப்பா.”

அன்ரி எழுந்து, படத்தையும் விளக்கையும் ஏந்தி வரவேற்பறை மேசைக்குக் கொண்டுபோனார். நால்வரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினெட்டு. பதினைந்து. பதின்மூன்று. கீழே முதல் சுருள் சிவந்தது, இரண்டாவது, மூன்றாவது. தரையிலிருந்த துவாரங்களிலிருந்து சூடான காற்று எழுந்து அன்ரியின் சேலைக் கரையை அசைத்தது.

பத்மநாதன் சப்பாத்தைக் கழற்றினார். பொக்கற்றிலிருந்து பேனையை எடுத்தார்.

“எத்தினை மாசம்?”

“பதினொண்டு அண்ணை.”

கையெழுத்து வைத்தார். புத்தகத்தை நீட்டும்போது, “நீ எழுதிறதிலை பிழையில்லை. கொஞ்சம் நிமிர்ந்தும் பார்,” என்றார்.

நிலாணிக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் கேட்டாள்: “அன்ரி, இவ்வளவு இடம் இருக்க, தட்டை ஏன் அதுக்குக் கீழை அடிச்சனீங்கள்?”

“நான் அடிக்கேல்லை. வினோதன்தான் அடிச்சவன். செத்த வீடு முடிஞ்ச அண்டைக்கே நிண்டு அடிச்சவன்.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வினோதன் மேசையில் இருந்த விளக்கைப் பார்த்தான், பிறகு வெறும் தட்டைப் பார்த்தான். அவன் முகம் கோணியது. கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது.

“கடைசி ஒரு நாள் மாமி,” என்றான். “ஒரு நாள்தான் மிச்சமிருந்தது.”

அன்ரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். செத்தவர் பிடித்த அதே கையை.

“அழாதை ராசா. மாமா என்ன சொன்னவர்? எனக்கு இப்பவே சொல்லு.”

வினோதன் மூக்கை உறிஞ்சினான்.

“‘நான் கண்ணை மூடினவுடனை இவை புது ஹீட்டர் போடுவினம். என்ரை படத்தை அந்தத் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழை வை. விளக்கு மட்டும் நூராமல் பார்த்துக்கொள்’ எண்டு சொன்னவர் மாமி.”