செய்முறைத் தேர்வுக்கு ஏற்ற வானிலை

உலகத்தின் பருவநிலை கெட்டுப்போய்விட்டதே என்று கவலைப்படுகிறவர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். அதைக் கவனித்துக்கொள்ள ஒரு பல்கலைக்கழகம் ‘பயன்பாட்டுப் பருவநிலையியல்’ என்ற ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கிவிட்டது. பாடமெல்லாம் ஆன்லைனில். செய்முறைத் தேர்வு மட்டும் நேரில், ஜூலை மாதத்தில், குற்றாலத்தில். ஏன் ஜூலை, ஏன் குற்றாலம் என்று கேட்பவனுக்கு அறிவியல் மனப்பான்மை இல்லை என்று பொருள்.

மேலகரம் முத்துசெல்விக்கு அந்த மனப்பான்மை நிறையவே இருந்தது. புளியங்குடியில் ஒரு கமிஷன் கடையில் எலுமிச்சம்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள். ஆலங்குளத்தில் ஓர் அலுவலகத்தில் மழைப் பதிவாளர் வேலை காலி என்று விளம்பரம் வந்தது. பட்டயச் சான்றிதழோடு ஜூலை முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் ஆயுசுக்கும் எலுமிச்சைதான்.

ஆகவே அந்தப் படிப்பில் சேர்ந்தாள். செய்முறைக்காகக் குற்றாலத்தில் ரத்தினம் அண்ணாச்சியின் லாட்ஜ் மொட்டைமாடியில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதினாள். ஜூலை பிறந்ததும் துறைத்தலைவர் பரமேஸ்வரன் போனில் கூப்பிட்டார்.

“அருவியில தண்ணி விழுதாம்மா?”

“இல்ல சார். பாறைதான் தெரியுது.”

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: ‘பருவநிலை சாதகமாக இல்லாததால் பருவநிலையியல் தேர்வு ஒத்திவைக்கப்படுகிறது.’ அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே சுற்றறிக்கை. தேர்வு நடத்த வரும் தேர்வாளர்கள் ஐந்து பேர். குடும்பத்தோடு இருபத்திரண்டு பேர். அத்தனை பேரும் துண்டை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்றால், கல்வி மீது அவர்களுக்கிருந்த பற்றை என்னவென்று புகழ்வது!

ரத்தினம் அண்ணாச்சி தலையிலடித்துக்கொண்டார்.

“ஏட்டி, யாரு கேட்டாலும் ‘நல்லா விழுது, வாங்க’ன்னு சொல்லணும். குற்றாலத்துல போன எடுக்கவனுக்கு வேற பதிலு கிடையாது.”

“வந்து பாத்துட்டு ஏச மாட்டாவளா அண்ணாச்சி?”

“ஏசட்டும். ரூம் போட்ட பொறவுதான ஏசுவாவ!”

முத்துசெல்வி கேட்கவில்லை. பொய் சொல்லி மழைப் பதிவாளர் ஆவதற்கு எலுமிச்சையே தேவலை என்று நினைக்கிற பிறவி அவள்.

மூன்றாவது வாரம் காற்று மாறியது. மேகப் படங்களையும் தன் கணக்கையும் ஒப்பிட்டு இரண்டு நாள் உட்கார்ந்தாள். வியாழக்கிழமையே குளிக்கிற அளவு தண்ணீர் விழும். வெள்ளிக்கிழமை காலை சாரல். மத்தியானத்துக்குமேல் மலையில் கனமழை. நாலு மணிக்குள் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. எழுதி முடித்தபோது அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

“வெள்ளிக்கிழமை தண்ணி விழுமாம்மா?” என்று துறைத்தலைவர் போனில் கேட்டார்.

“விழும் சார். ஆனா...”

“வெரிகுட்! வந்துடறோம்.”

“ஆனா சார், மத்தியானத்துக்குப் பொறவு...”

“‘ஆனா’வுக்கு அப்புறம் இருக்கறதெல்லாம் எழுத்து மூலமா அனுப்பணும். அதுதான் உன் ஆய்வேடு. மார்க்கே அதுக்குத்தான்.”

பதினொரு பக்கம் எழுதினாள். ‘வெள்ளியன்று வர வேண்டாம், வியாழனன்றே வாருங்கள்’ என்று முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, உறையிலிட்டு, விரைவுத் தபாலில் அனுப்பினாள். புதன்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேன் வந்தது. வழியில் பரோட்டா சாப்பிட்டதில் கொஞ்சம் தாமதம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் தலை நனைப்பது முறையல்ல என்பதால் அதற்கு ஒரு மணி நேரம். இருபத்திரண்டு பேரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை பளபளக்க அருவிக்கரைக்கு வந்தபோது மணி நாலு. தண்ணீர் காவி நிறத்தில் இரைந்து இறங்கியது. போலீஸ்காரர் விசில் ஊதிக் கயிற்றைக் கட்டினார்.

“ஏட்டி, நீ சொன்ன மணிக்கு வெள்ளம் வந்துட்டு பாத்தியா!” என்றார் அண்ணாச்சி. “பொறவு எதுக்கு இவிய இன்னைக்கு வந்தாவ?”

“படிச்சிருப்பாவ அண்ணாச்சி. சரியா வருதான்னு நேர்ல பாக்க வந்திருப்பாவ,” என்றாள் முத்துசெல்வி. கொட்டும் மழையில் குடையை மறந்து சிரித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வாளர்கள் லாட்ஜ் குளியலறையில் பக்கெட்டும் சீயக்காயுமாக வரிசையில் நின்று எண்ணெயைப் போக்கினார்கள். சீயக்காய் விழுந்த கண்ணோடு துறைத்தலைவர் அவளிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இவ்வளவு துல்லியத்துக்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜூலை முப்பதாம் தேதி ஆய்வேடு திரும்பி வந்தது. மேலுறையிலேயே முடிவை எழுதி அனுப்புவது துறையின் மரபு. அவள் ஒட்டிய பசை ஒட்டியபடியே இருந்தது. உறையை யாரும் பிரிக்கவில்லை. அதன்மேல் ஐந்து பேரின் கையெழுத்தோடு எழுதியிருந்தது:

‘தேர்ச்சி இல்லை. காரணம்: வெள்ளம் வரும் என்பதை மாணவி முன்கூட்டியே தெரிவிக்கவில்லை.’