ஜோடி அண்ணன் சேர்த்துவைத்த விளக்குகள்

பீடோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு விளக்கைத் தனியாக எரியவிட்ட மனிதர் எவரும் கிடையாது. ஜோடி அண்ணன் விட்டால்தானே!

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வயர்மேன் வேலை. லைசன்ஸ் எல்லாம் பக்கா. ஆனால் லீவு நாள் வந்தால் போதும், மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு யார் வீட்டுச் சுவிட்சையாவது கழற்றி, ரெண்டு மூன்று விளக்குகளை ஒரே சுவிட்சில் சேர்த்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

முதல் பலி அவர் மனைவி லெட்சுமி அக்கா. குளியலறை விளக்கை வாசல் விளக்கோடு சேர்த்துவிட்டார். அக்கா குளிக்கப் போவது பாசார்ச் சந்தை வரைக்கும் தெரிந்தது.

"ஏங்க, நான் குளிக்கிறத ஊருக்கே சொல்லணுமா?"

"தனியா எரியிற லைட்டப் பாத்தா மனசு கேக்கல லெட்சுமி."

அடுத்தது நாங்கள். சமையலறையில் இருக்கிற ரெண்டு விளக்கையும் ஒரே சுவிட்சில் போடச் சொல்லி என் மனைவி மாலா கூப்பிட்டாள். அண்ணன் வந்தார், மைலோ குடித்தார், போனார். அன்று நான் படுக்கையறை விளக்கை அணைத்தேன். அடுப்படியிலிருந்து அலறல். கொதிக்கிற எண்ணெயும் கையில் மீனுமாக மாலா இருட்டில் நிற்கிறாள்!

"அண்ணே, கிச்சன மட்டும்தானே சொன்னோம்?"

"பெட்ரூம் லைட்டு ஒத்தையா கெடந்துச்சு தம்பி. பாவம்லா, சேத்துவிட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் மாலாவும் ஒரே நேரத்தில் தூங்கப் போனது அதற்கப்புறம்தான்.

அவரிடம் மசியாத ஒரே ஆள் மூலை வீட்டு டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். மகன் ஆஸ்திரேலியாவில். ஒரு விளக்கு மாற்றத்தான் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணனோ குளியலறைக் கதவோரம், முழங்காலுக்கும் கீழே, புதிதாக ஒரு சுவிட்ச் வைத்துவிட்டார். அதைத் தட்டினால் வாசலிலிருந்து பின்பக்கம் வரை வீடு மொத்தமும் எரியும்.

"உமக்கு விசரே? இவ்வளவு கீழ, பதிவில சுவிட்ச் ஆருக்கு? பூனைக்கோ?"

"இருக்கட்டும் டீச்சர்."

"கரண்ட் பில் ஆர் கட்டுறது? நீரோ?"

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டார். சுவிட்ச் மட்டும் அங்கேயே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம். மண்டை பிளக்கும் வெயில். டீச்சர் வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது. "ஜோடி அண்ணன் வேலையப் பாருங்க, பகல்லயே கல்யாண வீடு!" என்றாள் மாலா. தெருவே சிரித்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். டீச்சர் வீட்டைப் பார்த்தவர் வண்டியை அப்படியே ரோட்டில் போட்டார்.

"கீழ் சுவிட்ச் தம்பி! டீச்சர் விழுந்துட்டாங்க!"

எனக்குப் புரிவதற்குள் கேட்டைத் தாண்டிக் குதித்திருந்தார். ரெண்டு பேரும் தோளால் இடித்துக் கதவைத் திறந்தோம். குளியலறை வாசலில் டீச்சர் கிடந்தார். இடுப்பு அசையவில்லை. ஒரு கை மட்டும் சுவரோரம் நீண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கண் திறந்தார்.

"கதவை உடைச்சுப் போட்டீரே?"

"நானே புதுசு போட்டுத் தரேன் டீச்சர்."

"சும்மா கதவு போடும். அதில லைட்டு ஒண்டும் வேண்டாம்."

ஆம்புலன்ஸ் வந்தது. அண்ணனும் கூடவே ஏறினார்; நான் காரில் பின்னால் போனேன். எலும்பு முறிவுதான், சீக்கிரம் கொண்டுவந்ததால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டபிறகுதான் அண்ணன் ஆஸ்பத்திரி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். போவோர் வருவோரெல்லாம் அவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். ஏன் என்று அப்போதுதான் கவனித்தேன். ஹெல்மெட் இன்னும் தலையிலேயே இருந்தது.

"அண்ணே, ஹெல்மெட்டு."

கழற்றப் பார்த்தார். விரல்கள் வாரைப் பிடிக்கவே இல்லை. நான் குனிந்து, அவர் தாடையை நிமிர்த்தி, வாரை அவிழ்த்துக் கழற்றினேன். வியர்வையில் ஒட்டிக் கிடந்த முடியைக் கையாலேயே ஒதுக்கிவிட்டேன். கூடப் பிறந்த அண்ணனுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை.