கயிறு தொடாத மூலை

திருவனந்தபுரத்தில் அந்த வருஷம் வீடு கட்டியவர்கள் கொத்தனாரைவிடக் கயிறு சாமியாரைத்தான் அதிகம் தேடினார்கள். சாமியாரின் பெயர் பிச்சையா. வேலை ரொம்பச் சுலபம். மனையின் மூலைக்கு மூலை முளை அடிப்பார். மந்திரம் சொல்லி, மஞ்சள் கயிற்றை முளைகளுக்கு வெளியே சுற்றி, விறைப்பாக இழுத்துக் கட்டுவார். எல்லா முளையையும் கயிறு தொட்டால் லட்சுமி வாசம். ஒரு முளையைத் தொடாமல் போனால், அங்கே பிசாசு உட்கார்ந்து கயிற்றைத் தள்ளுகிறதாம். பி.ஏ. படித்த வக்கீல்களும் வரிசையில் நின்றார்கள். படிப்பு ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை.

ஆரியசாலைக் கொப்பரை வியாபாரி கோலப்பன் பிள்ளையின் மகள் நீலாம்பாள், காலேஜில் கணக்குப் படிப்பவள். அவளுக்கு அன்று நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும் முன் கயிறு சுற்றியாக வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாயார் சரசம்மா சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை ராமசுப்ரமணியன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அம்மா பேச்சுக்கு மறுபேச்சு அறியாதவன். இருந்தும் நீலாம்பாளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது, பாவம்.

தெருவே திரண்டு வந்தது. சாமியார் முளை அடித்துக் கயிற்றைச் சுற்றினார். தெருக்கிணற்றுக்கு இடம் விடுவதற்காகக் கோலப்பன் பிள்ளையின் தகப்பனார் மதிலை ஒரு மூலையில் உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார். ஊர் தண்ணீர் குடிக்கட்டும் என்ற நல்லெண்ணம். உள்ளே போன அந்த மூலையின் முளையைத்தான் கயிறு தொடவில்லை.

"பாத்தீரா பிள்ளைவாள்? பொல்லாத பிசாசாக்கும்," என்றார் சாமியார். பையிலிருந்து ஆறுமுனை நட்சத்திரமாக வெட்டிய பித்தளைத் தகடு ஒன்றை எடுத்தார். "இத வாசல்ல அடிச்சு ஒரு வருஷம் பூஜை செய்யணும். அதுவரை கல்யாணப் பேச்சே கூடாது."

"ஒரு வருஷமா? என் மவனுக்கு வேற பொண்ணு இல்லியா?" சரசம்மா எழுந்துவிட்டாள். "வாடா, போவோம்."

நீலாம்பாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் முந்திக்கொண்டது.

"அந்தத் தகட்டுல பிசாசு உண்டா சாமி?"

"சுத்தமான பொருளாக்கும், மோளே."

அவள் தகட்டை வாங்கினாள். மிச்சக் கயிற்றை அதைச் சுற்றி விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். கயிறு முனைகளை மட்டும் தொட்டது. "தொடாத மூலை எத்தனைன்னு எண்ணிப் பாருங்கோ, அத்தை."

சரசம்மா குனிந்து எண்ணினாள். "ஆறு."

"எங்க மனையில ஒரு பிசாசு. அத விரட்ட ஆறு பிசாச வெலைக்கு வாங்கணுமா?"

"மந்திரம் வேற, கணக்கு வேற," என்றார் சாமியார்.

"ரெண்டுக்கும் கயிறு ஒண்ணுதானே? இழுத்துக் கட்டுனா அது நேராத்தான் போவும். எல்லா மூலையும் வெளிய நீட்டியிருந்தா எல்லாத்தையும் தொடும். காலேஜ்ல அத கான்வெக்ஸ்ம்பாங்க. ஒரு மூலை உள்ள போயிருந்தா கான்கேவ். கயிறு அத விட்டுட்டுத் தாண்டிப் போயிரும். பிசாசுக்கு அங்க ஒரு சோலியும் இல்ல."

ராமசுப்ரமணியன் முதன்முதலாக வாய் திறந்தான். "அம்மா, உக்காரு. எனக்கு இந்தப் பொண்ணுதான்."

சரசம்மா உட்கார்ந்தாள். அவள் முகம்தான் சரியில்லை. "தட்டை மாத்துவோம் பிள்ளைவாள். ஆனா நீ மொதல்ல வீட்டுக்கு ஓடுடா. நம்ம வாசல்லயும் ஆறு இருக்கு."

கூட்டத்தில் பாதிப்பேர் அவனுக்கு முன்னால் ஓடினார்கள், அவரவர் வாசலில் இருந்த தகட்டைப் பிடுங்க. அந்தச் சந்தடியில் பிச்சையா நழுவிவிட்டார்.

பெரியோர்களே, தகட்டைப் பிடுங்கியதும் பிசாசு ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்குகிறீர்களே. ஆறு பிசாசுக்குப் பயந்துதானே ஓடினீர்கள்? நாளைக்கு வேறொருவன் வேறு கயிற்றோடு வருவான். அப்போதாவது ஓடுமுன் ஒரு நிமிஷம் நின்று, ஏன் தொடவில்லை என்று கேளுங்கள்.