வளர்ந்து சுருங்கிய மல்பெரி

கம்பில் இலை வந்துவிட்டால் அடியில் வேரும் வந்துவிட்டது என்றுதான் இருபத்தேழு வயதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். சட்டையும் பேண்ட்டும் போட்டிருக்கிற ஆளுக்கு வேலை இருக்கும் என்று ஊர் நம்பவில்லையா? அதே மாதிரிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நெய்யாற்றின்கரையில் ஒரு பாரலல் காலேஜில் நான் கணக்குப்பதிவியல் வாத்தியார். பாரலல் காலேஜ் என்றால், கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கல்லூரியில் வேலை கிடைக்காத ஆட்கள் பாடம் எடுக்கும் இடம். சம்பளம் சொல்லும்படி இல்லை. ஆனால் எங்கள் ஊரான கொல்லயில் பக்கம் எல்லோரும் 'சாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு 'சாரே'யை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத எல்லா விஷயங்களிலும் ஊருக்கு ஆலோசனை சொல்லிவந்தேன்.

வெள்ளறடைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் மல்பெரி மரத்தைப் பார்த்தேன். நாக்கு ஊதா நிறமாகும்வரை தின்றுவிட்டு, வரும்போது ஒரு கட்டு கம்பும் வெட்டி வாங்கிவந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்.

"மரச்சீனிக் கம்பா மக்கா?"

"மல்பெரியாக்கும்."

"அதுல கெழங்கு உண்டா?"

"பழம் உண்டு."

"பின்ன எதுக்குல கம்பச் சொமந்துட்டு வந்த, பழத்தக் கொண்டு வரப்பிடாதா?"

அறிவியல் வளராததற்கு இப்படிப்பட்ட வீடுகள்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். பென்சில் பருமனுள்ள கம்புகளைப் பொறுக்கி, ஒரு சாண் முதல் ஒன்றரை முழம் வரை பல நீளத்தில் சாய்வாக வெட்டி, பாதி மண்ணும் பாதி ஆற்று மணலும் போட்ட பிளாஸ்டிக் கவர்களில் நட்டு, தென்னை நிழலில் வரிசையாக வைத்தேன். இரண்டு வாரம் ஆகவில்லை, கணுக்கள் பச்சையாக வெடித்து இலை விட்டன. நான் இடுப்பில் கைவைத்து நிற்க ஆரம்பித்தேன். வழியில் போகிறவர்களை நிறுத்தி, "கம்பு பிடிச்சாச்சு" என்று சொன்னேன். (அவர்கள் கேட்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் சபையில் முதற்பலன் ஏலம் வந்தது. தோட்டத்தில் முதலில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அதை ஏலம் விடுவார்கள். ஒரு சேவலை ஆட்டின் விலைக்கு எடுப்பார்கள். பக்தி பாதி, பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துவிடக் கூடாது என்பது மீதி. நல்ல பொருள் கொடுத்தவருக்கு ஒரு வாரம் பேர் இருக்கும். மோசமான பொருள் கொடுத்தவருக்குத் தலைமுறைக்கும் இருக்கும். செல்லப்பன் என்று ஒருவர் ஒரு வருடம் பெரிய பலாச்சக்கை ஒன்றைக் கொடுத்தார். ஏலம் எடுத்தவர் வெட்டிப் பார்த்தால் உள்ளே சுளையே இல்லை, வெறும் நார். அன்றைக்கு அவர் 'நாரு செல்லப்பன்' ஆனார். பிறகு அவர் மகன் வளைகுடாவிலிருந்து வந்து கார் வாங்கினான். ஊர் அதற்கு 'நாரு வீட்டுக் காரு' என்று பேர் வைத்தது.

இவ்வளவும் தெரிந்தும், இருந்ததிலேயே நீளமும் இலையும் அதிகமுள்ள கம்பை எடுத்து, கவருக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி ஏலத்துக்குக் கொண்டுபோனேன். எடுத்தவர் லாசர் மாமா. அமரவிளைப் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்தவர், சபைச் செயலாளர். அவர் மெதுவாகப் பேசினால் பாறசாலையில் கேட்கும். ஒரு ரப்பர் வியாபாரியோடு முட்டிமோதி விலையை ஏற்றி, கடைசியில் கம்பைத் தூக்கிப் பிடித்துச் சபைக்குக் காட்டினார்.

"இது நம்ம சாருக்க கையால வச்ச மரமாக்கும். எனக்க கிணத்துக்கப் பக்கத்துல நிக்கட்டு. எனக்க பேரப்பிள்ளைய வரைக்கும் பழம் தின்னும்."

ஜனங்கள் கை தட்டினார்கள். நான் தலைகுனிந்து தாழ்மையாக நின்றேன். தாழ்மை எனக்கு எப்போதுமே நன்றாக வரும், கைதட்டல் மட்டும் இருந்தால் போதும்.

மறுநாள் வீட்டில் மீதியிருந்த கம்புகளில் ஒன்றைத் தரையில் நடலாம் என்று கவரைக் கிழித்தேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கையில் கம்பு நின்றது. மேலே ஐந்து இலை. கீழே ஒன்றுமில்லை. காது குடைகிற குச்சிபோல வழுவழுவென்று இருந்தது. கம்புக்குள் மிச்சமிருந்த சத்தைக் குடித்துவிட்டு இலை முதலில் வந்துவிடும், வேர் அதன் சௌகரியம்போல வரும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்படியானால் லாசர் மாமாவின் கிணற்றடியில் நிற்பதும் குச்சிதான்.

ஒரு கம்பைப் பிடுங்கிப் பார்த்து எல்லாக் கம்புகளுக்கும் தீர்ப்பு எழுதினேன். என் மாணவன் ஒரு வவுச்சரை மட்டும் பார்த்துவிட்டு வருடக் கணக்கை முடித்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன். ஆனால் பயம் வந்தபோது நான் வாத்தியாராக இல்லை. 'வேரில்லாத்த சாரு' என்ற பேர் காதில் ஒலித்தது. என் கல்யாணத்தில் போதகர், "வேரில்லாத்த சாராகிய நீர் இந்தப் பெண்ணை..." என்று கேட்பதுபோல இருந்தது. அதற்கு முன்னால், எந்தப் பெண்?

திட்டம் எளிது. அந்தக் கம்பு வாடும்போது அதைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் இலையுள்ள வேறொரு கம்பைச் சொருகிவிடுவது. என்றைக்காவது ஒன்று பிடிக்கும்வரை இதைச் செய்வது. உச்சி வெயிலில் மாமா சூளையில் இருப்பார். மாமி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். நீளக் குடைக்குள் கம்பை ஒளித்துக்கொண்டு, வெயிலில் குடையை விரிக்காமல் வியர்த்து வழிந்து போனேன். (பார்த்தவர்களுக்கு அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால், நினைத்தபடியே இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நாய் குரைத்தது. நான் நாயைப் பார்த்துக்கொண்டே கம்பை உருவி, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் எறிந்தேன். கம்பின் அடியைப் பார்க்கவில்லை. வேரில்லை என்றுதான் எனக்குத் தெரியுமே. புதியதைச் சொருகிவிட்டு ஓடிவந்தேன்.

சொருகியது சில நாளில் வாடியது. மறுபடி போனேன். அதுவும் வாடியது. வீட்டில் கம்பு குறையக் குறைய, கிடைத்த நீளத்தில் கொண்டுபோனேன். நாய்க்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பன் வாங்கிப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் லாசர் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எலே மக்கா, உனக்க மரம் போன வாரம் எனக்க முட்டு வரை நின்னுது. இப்போ கணுக்கால்ல நிக்குது. அது என்ன காரியம்?"

"மண்ணுக்க கொணம் மாமா."

"மண்ணு மரத்த இழுக்குமா?"

"மல்பெரி மொதல்ல கீழயாக்கும் வளரும்."

"கொள்ளாம்," என்றார் மாமா. பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "படிச்ச பய, கேட்டியா. நமக்கு இதெல்லாம் ஆரு சொல்லித் தருவா?" என்றார்.

அவர் நம்பியது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிடிபட்ட நாள், சூளையில் என்னவோ தகராறு என்று மாமா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் கிணற்றடியில் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தேன். நாய் என் காலருகே படுத்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

"எலே."

எழுந்து குடையைப் பின்னால் மறைத்தேன்.

"எனக்க பட்டி போதகரக் கண்டாலும் கொரைக்கும். உன்னக் கண்டு வாலாட்டுது. எத்தன நாளா வாற நீ?"

நாயைக் காலால் மெல்லத் தள்ளினேன்.

"எனக்க வீட்டுக்கப் பொறத்த, ஆளில்லாத நேரத்துல, உனக்கு என்ன சோலி?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாரு செல்லப்பனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயை மூடிவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். அங்கே மாமாவின் மகள் ஷைனி மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டு நின்றாள். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். அவளோடு அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமா என் கண் போன வழியே திரும்பிப் பார்த்தார்.

"ஓ. இதாக்கும் காரியம்."

இல்லை என்று சொன்னால் மரத்தைப் பற்றிக் கேட்பார். நான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை ஒரு தும்மல் நேரத்தில் எடுத்தேன்.

"ஆமா மாமா," என்றேன்.

அடி விழும் என்று குடையைப் பிடித்துக்கொண்டேன். மாமா முறைத்துவிட்டு, "இதுக்கு முன்வாசல் உண்டுல்லா? அம்மையக் கூட்டிட்டு வா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அம்மாவோடு போய்ப் பெண் கேட்ட அன்று, ஷைனியும் நானும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசலாம் என்றார்கள். அந்த ஜன்னலில் நின்றவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் பெண்ணும் போச்சு, பேரும் போச்சு.

"எல்லாத்தையும் பாத்தியா?" என்று கேட்டேன்.

"மொதல் நாள்லேருந்தே."

"பின்ன ஏன் அப்பாட்ட சொல்லல்ல?"

"நாயிக்கு நித்தம் பன் கிட்டிச்சு. அத ஏன் கெடுக்கணும்?"

"இப்போ சம்மதம்னு சொன்னியாமே?"

"எங்க அப்பாவுக்குப் பயந்து கல்யாணத்துக்கே ஆமான்னு சொன்ன ஆளு, எனக்கும் பயப்படும் இல்லியா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாரும், ஒண்ணு காட்டித் தாறேன்," என்று துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

அழுக்குத் தண்ணீர் ஓடும் சாலின் ஓரத்தில் ஒரு மல்பெரி, புதுத் தளிரோடு நின்றது.

இப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மாமா எந்த விருந்திலும் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்லுவார்: மருமகன் மகளைப் பார்க்க உச்சி வெயிலில் நாய்க்குப் பன் வாங்கிக்கொண்டு வந்த கதை. ஒரு தடவை தைரியம் வந்து, "நான் மரத்தப் பாக்கத்தான் வந்தேன் மாமா," என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். பந்தியே சிரித்தது. மாமாவுக்குப் புரையேறியது. ஷைனி அவர் தலையில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். என் பிள்ளைகள் இப்போதும் நான் எங்கேயாவது கிளம்பினால், "அப்பா மரம் பாக்கப் போறாரு," என்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். நான் மரத்துக்காகத்தான் போனேன். முதல் நாள் நான் பிடுங்கி எறிந்த அந்த ஏலக் கம்பில் நூல் நூலாக வேர் இருந்தது. அதை எடுத்து நட்டது ஷைனி.