அரைப்பேர்க் கங்காணி

அந்தக் காலத்தில் விடியலுக்கு முன்னே தப்பு மேளச் சத்தம் வரும். முதலில் மேல் லயத்துப் பக்கம், ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டி நிற்கும் வரிசையில், மூடுபனிக்குள் யாரோ கம்பளியை உதறுவது போல. பிறகு கோயிலடியில். பிறகு நெஞ்சுக்குள்ளேயே. திடும், திடும், திடும். அழகுமுத்து அப்போது சின்னப் பையன். அந்தச் சத்தத்துக்கு லயத்துச் சனமெல்லாம் எழுந்து, ஈரத்தில் விறைத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடப்பதைக் கம்பளி ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறான். ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதற்குத்தான் பெரட்டு என்று பெயர்.

தப்படித்தவர் போய்விட்டார். தப்பும் போய்விட்டது. இப்போது லயத்தில் காம்பராவுக்கு ஒரு போன், போனுக்கு ஒரு சினிமாப் பாட்டு. அழகுமுத்துவின் காதில் மட்டும் அந்தத் தப்பு இன்னும் ஓயவில்லை. ஒரு தட்டு, முந்நூறு ஆள். உலகத்தை நடத்த இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் இப்போது கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்துக் கங்காணி. கொழுந்து பறிக்கும் பெண்களை மேய்ப்பது வேலை. மலையில் அவர் சிங்கம். வீட்டில் சிங்கப் படம் போட்ட தீப்பெட்டி. மனைவி பூரணி உரசினால்தான் எரியும்.

அந்த மழைக்காலத்தில் சிங்கத்துக்குக் கால் உடைந்தது. குளவி கலைந்தால் ஓடக்கூடாது, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்துவிட வேண்டும் என்று பெண்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். குளவி கலைந்தது. பெண்கள் எல்லாரும் படுத்தார்கள். கங்காணி ஓடினார். ஓடியவர் கொட்டு வாங்கிக்கொண்டே மழைத்தண்ணி வடியும் கானுக்குள் விழுந்தார். படுத்தவர்களுக்கு ஒரு கொட்டும் இல்லை. "குளவிக்கும் கங்காணின்னா தெரியுது பாருங்களேன்" என்றாள் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா.

மாவுக்கட்டோடு அவர் கட்டிலில் கிடந்த நாளில்தான் பூரணிக்கு அந்தப் போன் வந்தது.

"ஏங்க, ஹட்டன்ல பிள்ளைக்காம்பரா ட்ரெயினிங் நடத்துற செல்வமலர் மிஸ் பேசினாங்க."

"என்னவாம்?"

"நம்ம பிள்ளைக்காம்பராவுக்குப் புது ஆள் எடுக்கிறாங்களாம். தாய்மாருங்க மலைக்குப் போனா கைப்பிள்ளைங்களப் பாத்துக்கணும். என்னைக் கேட்டாங்க. மூணு மாசம் ட்ரெயினிங். ஹட்டன்லயே தங்கணும். சனிக்கிழமை வந்துட்டுப் போகலாம்."

"கங்காணி பொண்டாட்டி ஊரான் பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடுறதா?"

"இப்ப ஊரான் தேயிலையத்தானே கிள்ளிக்கிட்டு இருக்கேன். தேயிலைக்கு மூக்கு இல்ல, அவ்வளவுதான்."

அழகுமுத்து இதற்குப் பதிலை வேறு பக்கம் தேடினார். கிடைத்துவிட்டது.

"சரி, நீ போய் ஹட்டன்ல குந்திக்கிட்டா இந்த மூணையும் யாரு பாக்கிறது? அதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லு. சொல்லிட்டு நாளைக்கே போ."

பூரணி பேசவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் சித்தியடைந்த விரல்கள். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகாத தேயிலைக் கறை. வெளியே மழை யாரையும் கேட்காமல் பெய்துகொண்டிருந்தது.

வாயை அடைத்துவிட்டோம் என்று அழகுமுத்து நிம்மதியாகப் புரண்டு படுத்தார். பூரணி பேசாமல் இருந்தால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் படிக்காமல் விட்ட பாடம் அது ஒன்றுதான்.

அதே வாரம் மண் சரிந்து பள்ளிக்கூடத்துச் சுவரைத் தள்ளியது. திருத்தி முடிக்கும்வரை பள்ளிக்கூடம் இல்லை. மூன்று பிள்ளைகளும் வீட்டுக்குள். ஐந்தாம் வகுப்பு நிலக்ஷி, புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டியவள். இரண்டாம் வகுப்பு வினோஜன், எதையும் எழுத வேண்டாம் என்று நினைப்பவன். கடைக்குட்டி பிரேமினி, நான்கு வயது, சுவரில் மட்டும் எழுதுபவள்.

"நான் மலைக்குப் போகலைங்க. பிள்ளைங்களுக்கு வீட்லயே பாடம் சொல்லிக் குடுக்கணும்" என்றாள் பூரணி.

"நான் எதுக்கு இருக்கேன்?"

"உங்களால முடியாதுங்க."

"யாரால?"

"மூணும் வேற வேற வயசு. ஒண்ணுக்குப் பின்னக் கணக்கு, ஒண்ணுக்கு வாய்ப்பாடு, ஒண்ணைக் கக்கூசுக்குக் கூட்டிப் போகணும். நீங்களோ காலை ஒடச்சு வச்சிருக்கீங்க. பாவம், வேணாங்க."

'முடியாது'வைக்கூட அவர் பொறுத்திருப்பார். 'பாவம்' தைத்துவிட்டது.

"முப்பது பொம்பளைங்கள மேய்க்கிறவன்டி நான்! மூணு குஞ்ச மேய்க்க மாட்டேனா? நாளையில இருந்து இந்த வீடுதான் ஸ்கூலு. ஆறரைக்குப் பெரட்டு!"

"ஏங்க, ஒருக்கா யோசிச்சு..."

"பேசாத! நீ கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போ!"

மறுநாள் பூரணி மிகுந்த வருத்தத்தோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டியதும் அந்த வருத்தத்தின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அதைப் பேச்சியம்மா மட்டும் பார்த்தாள்.

உள்ளே அழகுமுத்து பிஸ்கட் தகரத்தை மடியில் வைத்து அகப்பையால் விளாசினார்.

"பெரட்டு! பெரட்டு! எல்லாரும் வாங்க, பெரட்டு!"

பேச்சியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "என்ன தம்பி, காலங்காத்தால பெரட்டுப் பெரட்டுன்னு கத்துறீங்க? கோழியா, ஈரலா?"

"ஆள் பெரட்டுக்கா!"

"ஆளையா? சரி சரி, கொஞ்சம் கொழம்பா வச்சா குடுத்தனுப்புங்க."

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அழகுமுத்து சட்டத்தை அறிவித்தார். தோட்டத்தில் என்ன சட்டமோ அதேதான். சொன்ன கிலோ கொழுந்து பறித்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், சம்பளமும் பாதி. நிலக்ஷிக்குப் பத்துக் கணக்கு. வினோஜனுக்கு மூன்றாம் வாய்ப்பாடு. பிரேமினிக்கு 'அ' முதல் 'ஊ' வரை. முடித்தால் பேர், தேத்தண்ணியோடு முழு பிஸ்கட். முடிக்காவிட்டால் அரைப்பேர், அரை பிஸ்கட்.

மலையில் முப்பது பேருக்கும் ஒரே வேலை. இங்கே மூன்று பேருக்கு முப்பது வேலை. இந்த வித்தியாசம் விளங்க அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அப்பா, முக்கால்ல பாதி எவ்வளவுப்பா?"

"எனக்கே ஒண்ணரைக் கால்தான் இருக்கு. முக்கால எங்க போய்த் தேட?"

"அப்பா, மூவேழு எவ்வளவு?"

"நேத்து இருந்ததேதான். போய்ப் பாரு."

"அப்பா, ஒண்ணுக்கு!"

"பொறு!"

பிரேமினி பொறுக்கவில்லை. பாய் நனைந்தது.

அந்தியில் வேலை நிறுவை. நிலக்ஷி பெருமையோடு கொப்பியை நீட்டினாள்.

"பத்துக் கணக்கும் செஞ்சிட்டேன்பா. பத்தும் சரி."

"எட்டு."

"எப்படிப்பா எட்டு?"

"ரெண்டு கழிவு. சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு."

"கணக்குல ஏதுப்பா சாக்கு? ஏது தண்ணி?"

அழகுமுத்து திகைத்தார். தராசடியில் சாக்கின் எடைக்கும் கொழுந்தின் ஈரத்துக்கும் எத்தனையோ வருஷமாகக் கழிவு போடுகிறவர். வெயில் காலத்திலும் தண்ணிக்குக் கழித்தவர். யாரும் இப்படி நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

"கழிவுன்னா கழிவுதான். எட்டு. அரைப்பேர்."

வினோஜனுக்கும் அரைப்பேர். அவன் தோளைக் குலுக்கிவிட்டு அரை பிஸ்கட்டை வாங்கிக்கொண்டான். பிரேமினிதான் தரையில் விழுந்து புரண்டாள்.

"எனக்கு அரைப்பேர் வேணாம்! என் பேரு பிரேமினி! 'பிரே'ன்னு கூப்பிடக்கூடாது! முழுப்பேரையும் குடுங்க!"

மறுநாள் விடிந்தது. தகரம் முழங்கியது. ஒரு கம்பளியும் அசையவில்லை. தகரம் நெளிந்தது. அகப்பைக் காம்பு கழன்றது. கம்பளிக்குள்ளிருந்து நிலக்ஷியின் குரல் வந்தது.

"நாங்க ஸ்ட்ரைக்."

"என்னாது?"

"கழிவை நிறுத்து!" என்றது பெரிய கம்பளி. "நிறுத்து! நிறுத்து!" என்றன இரண்டு சின்னக் கம்பளிகள்.

அடுப்படியில் பூரணி கன்னத்தில் கை வைத்தாள். "ஐயையோ, இதென்ன கொடுமை! ஏங்க, ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும். கங்காணி வீட்லயே ஸ்ட்ரைக்காம்னு சிரிப்பாங்க. பேசித் தீத்திருங்க. நான் வேணா நடுவுல இருக்கேன்."

பேச்சுவார்த்தை கட்டிலில் நடந்தது. மூன்று பேர் ஒரு பக்கம். ஒன்றரைக் கால் மறுபக்கம். நடுவில் பூரணி, முகத்தில் ஒரு பக்கமும் சாராத பெரிய மனிதத்தனத்தோடு.

"சொல்லு. என்ன வேணும் ஒங்களுக்கு?"

நிலக்ஷி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "கழிவு கூடாது. காலையில சூடா ரொட்டியும் சம்பலும் வேணும், அப்பா கையால. எனக்கும் பாப்பாவுக்கும் ரெட்டைச் சடை பின்னி விடணும். பாப்பா ஒண்ணுக்குன்னா பொறுன்னு சொல்லக்கூடாது. சனிக்கிழமை நகம் வெட்டி, தலைக்கு ஊத்தி விடணும். இதெல்லாம் செஞ்சா வினோஜனுக்கு நான் சொல்லிக் குடுக்கிறேன். பாப்பாவுக்கு அவன் சொல்லிக் குடுப்பான்."

அழகுமுத்து காத்திருந்தார். சம்பளம் வரும், பிஸ்கட்டைக் கூட்டச் சொல்வார்கள் என்று காத்திருந்தார். வரவில்லை. சம்பளத்தைக் கூட்டச் சொல்லாத சங்கத்தை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. கம்பெனித் துரைமார் ஒப்பந்தம் முடிந்து காரில் ஏறும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பை முதன்முதலாகத் தானும் சிரித்துப் பார்த்தார்.

"சம்மதம்" என்றார்.

"நல்லா யோசிச்சீங்களா?" என்றாள் பூரணி.

"யோசிக்க என்னடி இருக்கு? மூணும் ஏமாந்திருச்சுங்க."

முதல் ரொட்டியை வினோஜன் வாசலில் உருட்டி விளையாடினான். முதல் சடை நானுஓயாப் பக்கத்து ரயில் பாதைபோல் வளைந்து வளைந்து எங்கோ போய் முடிந்தது. சம்பலில் ஒரு நாள் உப்பு இல்லை, ஒரு நாள் உப்பு மட்டும் இருந்தது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. வாரம் போகப் போக ரொட்டி வட்டமானது. சடை இறுகியது. பிரேமினி முகத்தைச் சுளிக்கும் விதத்திலேயே ஒண்ணுக்கா இரண்டுக்கா என்று சொல்லும் ஞானம் வந்தது. நிலக்ஷி தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தாள். தம்பி தங்கையை விரட்டினான். அழகுமுத்து தோசைக்கரண்டியோடு மேற்பார்வை பார்த்தார். இது தான் கண்டுபிடித்த கங்காணி முறை என்று, வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். மாவுக்கட்டை வெட்டிய அன்று டாக்டரிடமும் சொன்னார்.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாள் இருக்கும்போது, ஒரு காலையில் பூரணி றோட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைக் குடை, மூக்குக்கண்ணாடி, யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"ஏங்க, செல்வமலர் மிஸ். இந்தப் பக்கம் வந்தாங்களாம். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன்."

செல்வமலர் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். நிலக்ஷி பின்னம் போட்டுக்கொண்டிருந்தாள். வினோஜன் ஐந்தாம் வாய்ப்பாடு. பிரேமினி சுவரை விட்டு சிலேட்டுக்கு வந்திருந்தாள்.

"பிள்ளையள் எவ்வளவு வடிவாய் இருக்கினம்! ஆர் இந்தத் தலை பின்னிவிட்டது?"

"நாந்தாங்க மிஸ்."

"உண்மையாவோ? இந்த ரொட்டி?"

"அதுவும் நாந்தாங்க."

"அப்ப பூரணி என்ன செய்யிறவா?"

மலையில் முப்பது பேரும் ஒருசேரப் பாராட்டினாலும் அழகுமுத்துவுக்கு இந்த மயக்கம் வந்திருக்காது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"அவ கூடையத் தூக்கிக்கிட்டுப் போனா அந்திக்குத்தான் மிஸ் வருவா. அவ இல்லாட்டி இந்த வீடு இன்னும் நல்லாவே ஓடும். ஒரு மாசம் என்ன, மூணு மாசம் ஆனாலும் நான் ஒத்தையாப் பாத்துக்குவேன்!"

சொன்ன பிறகுதான் மூணு மாசம் என்பதை எங்கேயோ கேட்டது போல இருந்தது.

"நல்லதாய்ப் போச்சு" என்று செல்வமலர் குடையை எடுத்துக்கொண்டார். "பிள்ளையளைப் பாக்க ஆளில்லை எண்டு ஒரே கவலைப்பட்டன். அப்ப பூரணி, திங்கக்கிழமை ஹட்டனுக்கு வாரும். பேரைப் பதிஞ்சு விடுறன்."

"மிஸ், அது வந்து... கால் இன்னும்..."

"கால்தான் சுகமாய்ப் போச்சே. சும்மா ஓடித் திரியிறியள்!"

வெள்ளைக் குடை தேயிலைக்குள் இறங்கி மறைந்தது. அழகுமுத்து மெதுவாகத் திரும்பினார்.

"பூரணி, இதெல்லாம் நீ போட்ட திட்டமா?"

"நான் என்னங்க போட்டேன்? வேணாம் வேணாம்னு தானே சொன்னேன். பேச்சியம்மாக்கா சாட்சி."

"ஆமா தம்பி" என்றது சுவர்.

"அப்ப அந்த ஸ்ட்ரைக்கு?"

நிலக்ஷி கூரையைப் பார்த்தாள். வினோஜன் அக்காவைப் பார்த்தான். பிரேமினிக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அதனால் உண்மையைச் சொன்னாள்.

"அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. நான்தான் 'நிறுத்து நிறுத்து' நல்லாச் சொன்னேன்னு முட்டாசி குடுத்தாங்க."

அழகுமுத்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பூரணிக்கே கொஞ்சம் இரக்கமாக இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்கள யாரு பாக்கிறதுன்னு ஒரு கேள்வி கேட்டீங்களே. பதில் சொல்லிட்டுப் போன்னீங்க. அந்தப் பதிலைத்தான் இத்தனை நாளா வளத்தேன். நீங்க பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தீங்க. நாங்க நாலு பேரும் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தோம்."

அவர் பிரேமினியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி. எனக்குப் பேர் விழுந்துச்சா?"

பூரணி பிரேமினியின் தலையைத் திருப்பி, நடு வகிட்டை விரலால் அளந்தாள்.

"ரொட்டிக்குப் பேர் போட்டிருக்கேன். சடைக்கு அரைப்பேர்தான். கோடு கோணுது."

பூரணி இப்போது அந்தப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாளர். விரல்களில் கறை போய்விட்டது. அழகுமுத்து மலையில் இன்னும் கங்காணிதான். வீட்டில் விடியலுக்கு முன்னே அந்த நெளிந்த தகரத்தைத் தட்டுகிறவள் பிரேமினி. ஒரு தட்டு, ஒரே ஆள். எழுந்து போய் மாவு பிசைகிறார்.