உள்பக்கம் தேய்ந்த சப்பாத்து

"கணுக்கால் கழண்டே போச்சு! இதுதான் என் பாதத்துக்கு ஏத்த சப்பாத்தா?"

தெப்ராவ் பேரங்காடியின் காலணிக் கடையில் சதாசிவம் போட்ட சத்தத்தில், பக்கத்தில் சப்பாத்து பார்த்துக்கொண்டிருந்த இருவர் மெல்ல நழுவினார்கள். வாங்கி நான்கே நாளான சப்பாத்தை அவர் மேசையில் ஓங்கி வைத்தார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். போன வருஷம் ஆறாவது கிலோமீட்டரில் உட்கார்ந்து ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தவர். அதைக் கூட வேலை செய்யும் ஹேமநாதன், இருவரும் தினமும் எல்லை தாண்டிப் போகும் சிங்கப்பூர்த் தொழிற்சாலையின் கேன்டீனில் இன்னும் நடித்துக் காட்டுகிறான். இந்த முறையும் சொந்தக் காலில் முடிக்காவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைக்காரர் தீபன் பதறவில்லை. சதாசிவம் கொண்டுவந்திருந்த பழைய சப்பாத்தைப் புரட்டிக் காட்டினார். அடிப்பாகம் உள்பக்கமாக வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"பாருங்கண்ணே, உள்பக்கமா தேயுது. உங்களுக்குத் தட்டைப் பாதம். உள்பக்கம் முட்டுக் கொடுக்குற சப்பாத்துதான் சரி. நெறைய ஓடுவீங்க போல?"

சதாசிவத்தின் கோபம் சற்று இறங்கியது. இரண்டு வருஷத்தில் எத்தனை நாள் ஓடினோம் என்று எண்ணினால் ஒரு கை விரலே மிஞ்சும். ஆனாலும் ஒருவர் இவ்வளவு மரியாதையாகச் சொல்லும்போது எப்படி மறுப்பது?

"ஏதோ, முடிஞ்சப்ப ஓடுவேன் லா."

"அப்ப முட்டுதான் பத்தல," என்ற தீபன், கெட்டியான அட்டை ஒன்றைப் புதுச் சப்பாத்துக்குள் செருகிக் கொடுத்தார்.

மறுநாள் முழங்காலும் வலிக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து கத்தியவரை மனைவி புஷ்பவள்ளி தடுத்தாள்.

"என்னங்க, அந்தப் பழசை நம்பாதீங்க. காலை நனைச்சுப் பேப்பர்ல வெச்சுப் பாருங்க."

வைத்தார். குதிகால் தெரிந்தது, விரல்கள் தெரிந்தன. நடுவில் ஒன்றுமே பதியவில்லை.

"உங்களுக்கு வளைஞ்ச பாதங்க. மெத்துன்னு இருக்குற சப்பாத்துதான் வேணும்."

"கடைக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" சதாசிவத்துக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. "காலும் என்னுது, சப்பாத்தும் என்னுது. ஓடித் தேய்ச்சவன் நான்! நீ அடுப்பைப் பாரு!"

புஷ்பவள்ளி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சதாசிவம் கடையிலேயே மிகக் கெட்டியான சப்பாத்தை வாங்கினார். சனிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். திரும்பும்போது ஒவ்வொரு வீட்டு வேலியையும் பிடித்துக்கொண்டு வந்தார். விடிந்தால் ஓட்டம். இரண்டு காலும் போச்சு. ஹேமநாதன் சிரிப்பது இப்போதே காதில் கேட்டது.

வீட்டு வாசலில் பழைய சப்பாத்து சாதுவாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாம் உன்னாலதான்! உன்ன நம்பித்தான் நாசமாப் போனேன்!"

இரண்டையும் தூக்கிக் குப்பைத்தொட்டியில் வீசினார். பக்கத்து வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மலர், குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அலமாக், தூக்கிப் போடாதீங்கண்ணே! நீங்க சிங்கப்பூருக்குக் கெளம்புனதும் ரெண்டு சாக்ஸ் மாட்டிக்கிட்டு அக்கா தெனமும் அதுலதானே ஓடுறாங்க, நாளைக்கு ஓட்டத்துக்கு வேற பேரு குடுத்திருக்காங்க!"