தலைவர் கார் நிற்கும் இடத்தில் எங்கள் அடுப்படி

ஹாலோவே, ஜார்ஜியா
அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை

கேல்வுட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவர், உயர்திரு டாக்டர் கார்னீலியஸ் காடிஸ் அவர்களுக்கு,

மவுண்ட் நீபோ சபையைச் சேர்ந்த ஆர்டெலியா பக்ஸ்டன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் முட்டிவலி தவிர மற்றபடி நான் சௌக்கியம். தாங்களும் தங்கள் மனைவியும் தங்கள் அம்மா வெர்லீனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெர்லீனிடம் என் கண்ணாடிக் கிண்ணத்தை விசாரித்ததாகச் சொல்லவும். தங்களைத் தண்ணீரில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, வாழைப்பழப் புட்டிங்கோடு உங்கள் வீட்டுக்கு வந்த கிண்ணம். புட்டிங் எங்கே போனதென்று தெரியும், கிண்ணம் போன இடம்தான் இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்குப் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு கரையேறிய தங்களுக்குத் துண்டு போர்த்தியவள் நான்தான் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் பேத்தி ஜனேயா உங்களிடம் வேதியியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுடைய கட்டணக் கணக்கில் உங்கள் ஆட்கள் ஒரு தடை போட்டிருக்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் அது நீங்காவிட்டால் அடுத்த பருவத்துக்கு அவள் எந்த வகுப்பிலும் பெயர் பதிய முடியாது. அவளுக்கு வேண்டிய ஆய்வக வகுப்பு வருடத்துக்கு ஒரு தடவைதான் வருமாம். அது போனால் உதவித்தொகையும் போச்சு, உதவித்தொகை போனால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். ஏன் தடை? பரீட்சையில் தோற்றாளா? யாரையாவது அடித்தாளா? இல்லை ஐயா. அவளுடைய பாட்டி, அதாவது நான், தங்கள் கார் நிற்கிற இடத்தில் என் பழைய ப்யூக்கை நிறுத்தினேன். அந்த வண்டி அவள் பெயரில் பதிந்திருப்பதால் அபராதம் அவள் தலையில் விழுந்தது.

ஏன் நிறுத்தினாள் இந்தக் கிழவி என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள் சொல்கிறேன். ஜனேயா சேர்க்கைக்கு விண்ணப்பம் போட்டபோது, எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை கேட்டீர்கள். “என் பாட்டி பிறந்த வீடு உங்கள் வளாகத்துக்கு அடியில் இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்து படிக்க ஆசை” என்று எழுதினாள். உங்கள் சேர்க்கை ஆட்கள் அதைப் படித்துக் கண்கலங்கி, புதுப்பிள்ளைகளை வரவேற்கிற அன்று மேடையில் மைக் வைத்து வாசித்தார்கள். நானும் தொப்பி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து அழுதேன். சரி, சந்தோஷம். அதே பிள்ளை இந்த வருடம், எல்லாரும் படித்தே தீரவேண்டிய உங்கள் சரித்திர வகுப்பில் போய் உட்காருகிறாள். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் பல்கலைக்கழகம் மேற்குப் பக்கத்துக் காலி நிலத்தை வாங்கி விரிவடைந்ததாம். காலி நிலமாம்! என் அம்மாவின் அடுப்பு காலியா? அத்திமரம் காலியா? வீட்டை இடிக்கிற இயந்திரம் வந்தபோது அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது, அம்மா வேக்காடு முடியட்டும் என்று அந்த ஆளை நிற்கவைத்தாள். எனக்கு ஒன்பது வயசு. அந்த ஆளின் மூக்கில் இருந்த மரு எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வேன்.

ஜனேயா அதை எனக்குப் படித்துக் காட்டிய மறுநாள் காலையில் ப்யூக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். பெரிய ஓக் மரம் இன்னும் நிற்கிறதல்லவா, அதை வைத்து அளந்தேன். தங்கள் பெயர்ப்பலகை நட்ட இடம்தான் சரியாக எங்கள் அடுப்படி. வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வறுத்த கோழியும் சோளரொட்டியும் மடியில் வைத்துச் சாப்பிட்டேன். உங்கள் காவலர் ஒருவர் வந்தார், பச்சைப் பிள்ளை.

“பாட்டிம்மா, வண்டிய எடுங்க. இது தலைவர் எடம்.”

“தம்பி, சாப்ட்டியா?”

“ஆச்சு பாட்டி.”

“பொய் சொல்லாத, வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு. இந்தா, தொடைக்கறி.”

வாங்கித் தின்றார். எலும்பைக்கூட உறிஞ்சினார். உறிஞ்சிவிட்டு, விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அபராதச் சீட்டு எழுதினார்! மறுநாளும் வந்தேன், மறுநாளும் தின்றார், மறுநாளும் எழுதினார். மூன்றாம் நாள் சக்கரத்துக்கே பூட்டுப் போட்டார்கள். அன்றைக்கு அவருக்கு இறக்கைத் துண்டுதான் கொடுத்தேன்.

பிறகு உங்கள் கட்டண அலுவலகம். அதைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் இந்தத் தாளே தீப்பிடிக்கும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரு கட்டணம், ஜனேயா பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டாள். கணினிக்கு ஒரு கட்டணம், அந்தக் கணினிதான் அவளைத் தடுத்து நிறுத்தியது. அவ்வளவு வாங்குகிறீர்களே, வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு நாற்காலி கிடையாது. முட்டி இரண்டும் முரசு கொட்ட நின்று, மூன்றாம் ஜன்னலுக்கு வந்தால், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், ஒவ்வொரு நகமும் வெண்டைக்காய் நீளம்.

“மாணவர் எண் சொல்லுங்க மேம்.”

“எண்ணு தெரியாது கண்ணு. பொறந்தப்ப எவ்ளோ எடைன்னு சொல்லவா?”

“வண்டி அபராதம் இங்க இல்ல மேம். எதிர்க் கட்டடம் போங்க.”

எதிர்க் கட்டடத்தில் போய்க் கேட்டால், “தடை போட்டது நாங்க இல்ல, அவங்கதான்” என்று திருப்பினார்கள். திரும்பி வந்தால் மூன்றாம் ஜன்னல் சாப்பாட்டுக்கு மூடியிருந்தது. நான் கேட்கிறேன் கார்னீலியஸ், அந்த வீட்டுப் பிள்ளை என்று சேர்க்கைக்காரர்கள் கைதட்டினார்கள், அங்கே வீடே இல்லை என்று புத்தகக்காரர்கள் சொன்னார்கள், அந்த வீட்டில் நின்றதற்குக் கட்டணக்காரர்கள் அபராதம் போட்டார்கள். இந்த மூன்று பேரையும் ஒருநாள் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் என்ன?

ஜனேயா என்ன சொல்கிறாள் தெரியுமா? “பாட்டி, நூலகத்துல வேல செஞ்ச காசு இருக்கு, நானே கட்டிடறேன்.”

“கட்டினா கைய ஒடிச்சிடுவேன். கட்டினா அது காலி நெலம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரிடி.”

“கட்டலன்னா என்னோட எடம் காலியாயிடும் பாட்டி.”

இப்போது நான் எது கேட்டாலும் “சரி மேம்” என்கிறாள். என்னை மேம் என்கிறாள்! அந்த வார்த்தை அம்மியைத் தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி இருக்கிறது.

ஆகவே நீ என்ன செய்கிறாய் என்றால், அந்தத் தடையை எடுக்கிறாய், அபராதத்தைக் கிழிக்கிறாய், புத்தகத்தில் “காலி” என்ற வார்த்தையை அடித்துவிட்டு எங்கள் குடும்பத்தின் பெயரை எழுதுகிறாய். அதுவரை சல்லிக்காசு தரமாட்டேன். நான் மறந்துபோவேன் என்று காத்திருக்காதே. கிண்ணத்தையே மறக்காதவள் நான்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் குறைவில்லாமல் காக்கட்டும், என் பேத்தியை மட்டும் ஒரு விரற்கடை கூடுதலாகக் காக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
ஆர்டெலியா பக்ஸ்டன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் என் அக்கா ரூபெல் டெட்ராய்ட்டிலிருந்து வந்து இறங்கினாள். நம் அடுப்படியைக் காட்டுகிறேன் வா என்று கூட்டிப்போனேன். கைத்தடியை ஊன்றி ஓக் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், வண்டிகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள்.

“அடி கிறுக்கி, இது பக்கத்து வீட்டு டாலிவருங்க பன்னித் தொழுவம்டி! மரத்துக்கு இந்தப் பக்கம் அவங்க. நம்ம வீடு அந்தப் பக்கம்.”

“எனக்கு ஞாபகம் இருக்கு.”

“உனக்கு ஒம்போது வயசு, எனக்குப் பதினேழு. பன்னிக்குக் கஞ்சி கொண்டுபோய் ஊத்தினது நானா நீயா?”

கைத்தடியை நீட்டிக் காட்டினாள். கட்டண அலுவலகம். மூன்றாம் ஜன்னல் இருக்கிற மூலைதான் அடுப்பு.

என் அம்மாவின் கோழியைக் கல்லெறிந்து கொன்ற அந்த டாலிவர்களின் பன்றித் தொழுவத்துக்காகப் பேத்தியின் படிப்பை அடகு வைத்தவளா நான்? நேரே போய் அபராதம் முழுவதும் கட்டிவிட்டேன். தடை நீங்கியது, ஜனேயா ஆய்வக வகுப்பில் பெயர் பதிந்துவிட்டாள், என்னைத் திரும்பவும் பாட்டி என்கிறாள். தாங்கள் அந்த இடத்தில் தாராளமாகக் காரை நிறுத்திக்கொள்ளலாம், தங்களுக்குப் பொருத்தமான இடம்தான்.

ஆனால் அந்தப் பன்றிகள் காலி நிலத்திலா படுத்திருந்தன? புத்தகத்தில் டாலிவர் பெயரையும் எழுதுங்கள். எங்களுக்கு அடுத்ததாக எழுதினால் போதும்.

திங்கட்கிழமை மூன்றாம் ஜன்னலுக்கு வருகிறேன், மடக்கு நாற்காலியோடும் ஒரு பானை பீன்ஸோடும். என் அம்மா தன் அடுப்படியில் யாரையும் கால்கடுக்க நிற்கவைத்து வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பியதில்லை. அந்த நகக்காரப் பெண்ணிடம் சொல்லி வையுங்கள், அவளுக்கும் ஒரு தட்டு உண்டு. பரிமாற ஒரு பெரிய கிண்ணம் வேண்டும். வெர்லீனைக் கொடுத்தனுப்பச் சொல்லவும்.